நூறு சதவீதம் மக்கும் வீடு

பாஞ்சாலை கேட்டதெல்லாம் கொஞ்சம் ஓடுதான். ஆடிக் காற்றில் வீட்டு முகட்டு ஓடுகள் பறந்துபோய், படுத்தால் வானம் தெரிந்தது. மழை பிடிப்பதற்குள் அதை அடைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். புருஷன் கருப்பனுக்கு ஆபீஸ் என்றாலே பயம். அதனால் அவளே நெல்லிக்கொல்லையிலிருந்து நடந்து வந்து, பஸ் பிடித்து, ஜமுனாமரத்தூரில் இறங்கினாள்.

சந்தைக்குப் பின்னால் புதிதாக ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. கண்ணாடிக் கதவு, வழவழவென்று கிரானைட் தரை, வாசலில் ஆளுயர இலை வரைந்த பலகை. ‘மலைவாழ் பசுமை வீட்டுவசதி முகமை’ என்று எழுதியிருந்தது. வீடு என்ற எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, நாம் தேடி வந்த இடம் இதுதான் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அந்த முகமைக்கு அப்போது எல்லாமே இருந்தது. இயக்குநர் இருந்தார், ஆலோசகர் இருந்தார், இரண்டு கார்கள் இருந்தன, ஊட்டியில் நடத்திய கருத்தரங்கின் படங்கள் சுவர் முழுக்க இருந்தன. கழிவு அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி அழுத்தி வீடு கட்டுவது என்ற கொள்கையும் முடிவாகியிருந்தது. ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த வீட்டில் குடியிருக்க ஒரு பயனாளி அகப்படவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பாஞ்சாலையைப் பார்த்ததும் ஆலோசகர் நவீன்குமார் எழுந்து நின்றார். எந்த ஆபீஸிலும் தனக்காக ஒருவர் எழுந்து நின்று அவள் பார்த்ததில்லை. அப்போதே திரும்பிப் போயிருக்கலாம்.

“அய்யா, வூட்டு மேல ஓடு போய்ட்டுதுங்க. கொஞ்சம் ஓடு குடுத்தீங்கன்னா புண்ணியமா போவும்.”

“ஓடு எதுக்கும்மா? உங்களுக்கு வீடே தர்றோம்.”

“வூடு கீதுங்களே.”

“அது வீடு இல்லம்மா. அது கார்பன்.”

பில் புத்தகத்தில் தாளுக்கு அடியில் வைக்கிற கறுப்புக் காகிதத்தைத்தான் கார்பன் என்று பாஞ்சாலை கேள்விப்பட்டிருந்தாள். தன் வீட்டுச் சுவர் செம்மண் நிறம் ஆயிற்றே என்று யோசித்தபடி பஸ் ஏறினாள்.

அடுத்த வாரமே இயக்குநர் ரேணுகாதேவி நெல்லிக்கொல்லைக்கு வந்துவிட்டார். காட்டன் புடவை, கழுத்தில் மண்ணால் செய்த மணிமாலை, கூடவே வீடியோ எடுக்கிற ஆள். வீட்டைச் சுற்றி வந்து மண் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இது எத்தனை வருஷமா நிக்குது?”

“எங்க மாமனாரு கட்டனதுங்கம்மா. கல்யாணமாயி நான் வந்தப்பவே பழசு.”

ரேணுகாதேவி கேமராவைப் பார்த்துத் திரும்பினார். “இதுதான் நம் சமூகத்தின் பிரச்சினை. ஒரு பொருள் இவ்வளவு காலம் மக்காமல் நின்றால் அது பூமிக்குப் பாரம். மண்ணை எடுத்து, மூங்கிலை எடுத்து, களிமண்ணைச் சுட்டு, நம் முன்னோர் அறியாமையால் செய்த தவறை நாம் திருத்தப்போகிறோம்.”

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. திட்டம் வீடில்லாதவர்களுக்கு மட்டும். பாஞ்சாலைக்கு வீடு இருந்தது. விதியை மாற்ற முகமைக்கு அதிகாரம் கிடையாது. வீட்டை இடிக்க அதிகாரம் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் பாஞ்சாலை வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பெரிய அம்மா அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, “உன் பேர் வரலாற்றில் நிற்கும்” என்றார். வரலாறு எங்கே இருக்கிறதோ பாஞ்சாலைக்குத் தெரியாது. தண்ணீர் வாங்கிக் குடித்தவரிடம் எப்படி மறுத்துப் பேசுவது என்று கருப்பனைப் பார்த்தாள். கருப்பன் தரையைப் பார்த்தான்.

ஜேசிபி வந்து அரைப் பொழுதில் வேலையை முடித்துவிட்டுப் போனது. உடையாத ஓடுகளைப் பத்திரப்படுத்துவதாகச் சொல்லி லாரியில் ஏற்றினார்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அது கருப்பனின் தம்பி வெற்றிவேலின் வீடு. அவன் பெண்டாட்டி நதியா உள்ளறையை ஒழித்துக் கொடுத்தாள். “நாங்க கேட்டா ஒரு நாதியும் திரும்பிப் பாக்காது. நீ ஓடு கேட்டே, வூடு குடுக்கறாங்க. உன் நேரம்க்கா” என்றாள்.

வாணியம்பாடியிலிருந்து லத்தீப் பாய் லாரியில் அட்டை கொண்டுவந்தார். செருப்புக் கம்பெனிகளில் கழித்துப்போட்ட பெட்டிகள். மலைப்பாதையின் வளைவுகளில் பாதி சரிந்து, மீதியை அவரே கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

“இவ்ளோ எதுக்கும்மா? கோழிப் பண்ண வெக்கிறீங்களா?”

“வூடு கட்றாங்க பாய்.”

“யாருக்கு?”

“எங்களுக்குத்தான்.”

லத்தீப் பாய் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினார். துக்க வீட்டிலிருந்து கிளம்புபவர்போலச் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீடு எழும்பியது. மரச்சட்டங்களுக்கு நடுவே அட்டை, அட்டைக்கு மேல் அட்டை, கூரையும் அட்டை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் வெல்லப்பாகு நிறத்தில் மின்னியது. பெட்டிகளில் அச்சடித்த எழுத்தும் படமும் அப்படியே தெரிந்தன. ஒரு சுவர் முழுக்க செருப்பு அளவுகள். இன்னொரு சுவரில், கவிழ்க்கக் கூடாது என்று மேல்நோக்கிக் காட்ட வேண்டிய அம்புக்குறிகள் எல்லாம் தரையைக் காட்டிக்கொண்டிருந்தன. வாசலுக்கு நேரே, நனைக்கக் கூடாது என்பதற்காகப் பெட்டிகளில் போடுகிற குடைப் படங்கள் வரிசையாக இருந்தன. கருப்பன் அவற்றை வெகுநேரம் பார்த்தான்.

“கொட போட்டுக்கீறாங்க. மழ தாங்கும் போல” என்றான்.

நவீன்குமாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார். பாஞ்சாலைக்கு மனசு கேட்கவில்லை. “மெய்யாலுமே தாங்குங்களா?” என்றாள்.

“தாங்க வைக்க ஒரு பூச்சு இருக்கும்மா. ஆனா அதுல பிளாஸ்டிக் கலந்திருக்கு. பூசினா நம்ம வீட்டுக்கு அஞ்சு இலை கிடைக்காது.”

“இல போட்டா மழ வராதுங்களா?”

“இலைங்கறது மார்க்கும்மா. அஞ்சு இலை வாங்கின வீடு நாட்டுலயே இல்ல. பூச்சு பூசினா மூணு இலைதான். மூணு இலை வீட்டுல நீங்க எப்படி கௌரவமா இருப்பீங்க?”

திறப்பு விழாவுக்கு இயக்குநர் வந்தார். குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். தீப்பிடிக்கும் என்பதால் விளக்கை ஊர்க்கோடியில் வைத்து ஏற்றினார்கள். அதற்கே போளூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து நின்றது. புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும் என்று பாஞ்சாலை கேட்டாள். நியாயமான கோரிக்கை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, ஆபீஸிலேயே காய்ச்சிய பாலை பிளாஸ்கில் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தார்கள். அதையும் வாசலுக்கு வெளியே நின்று குடிக்கச் சொன்னார்கள். சிந்திவிடக் கூடாதாம்.

அதன் பிறகு மேற்பார்வையாளர் சரவணகுமார் குடியிருக்கும் முறைகளை விளக்கினார். அடுப்பு மூட்டக் கூடாது. விளக்கு ஏற்றக் கூடாது. தண்ணீர்க் குடம் வைக்கக் கூடாது. சுவரில் சாயக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. ஈரத்தலையோடு உள்ளே வரக் கூடாது. ஆடுகள் இருபதடி தள்ளி நிற்க வேண்டும்.

“அப்பறம் உள்ள இன்னாதாங்க செய்றது?”

“வாழலாம்மா” என்றார் சரவணகுமார்.

பாஞ்சாலை வாழ்ந்து பார்த்தாள். சமையல் நதியாவின் அடுப்பில், குளியல் நதியாவின் கொல்லையில், படுக்கை நதியாவின் உள்ளறையில். வெளியூரிலிருந்து பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால் மட்டும் புடவை மாற்றிக்கொண்டு ஓடிப்போய் புது வீட்டுக்குள் உட்காருவாள். கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், இயக்குநரைப் போலவே மண்மணி மாலை போட்டவர்கள் வந்தார்கள், பாஷை புரியாத வெள்ளைக்காரர் ஒருவர் வந்து சுவரை முகர்ந்து பார்த்தார். எல்லோரிடமும் “குளிர்ச்சியா கீதுங்க” என்று சொல்ல நவீன்குமார் பழக்கிவிட்டிருந்தார். ஒரு தடவை ஆடு புகுந்து மூலையில் செருப்பு அளவு எட்டிலிருந்து பத்துவரை தின்றுவிட்டது. திட்டத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக ஆட்டைக் கட்டிப்போடச் சொன்னார்கள். ஆட்டுக்கு நல்ல மரியாதை, அதற்காவது ஒரு கயிறும் முளைக்குச்சியும் நிரந்தரமாகக் கிடைத்தது என்றான் வெற்றிவேல்.

புரட்டாசி கடைசியில் சாமை அறுப்பு முடிந்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல். நதியாவின் வீட்டில் மூட்டை வைக்க இடமில்லை. பாஞ்சாலை சரவணகுமாரிடம் கேட்டாள். காய்ந்த பொருள் என்றால் தாராளமாக வைக்கலாம், வீடு உபயோகத்தில் இருப்பதாகப் படம் எடுக்கவும் வசதி என்று அவர் சொன்னார். விதைக்கு ஒதுக்கியது, தின்னுவதற்கு ஒதுக்கியது, விற்க நினைத்தது, எல்லாம் அட்டை வீட்டுக்குள் போயிற்று. அந்த வீட்டுக்குள் முதன்முதலாகக் குடியேறியவை அந்த மூட்டைகள்தான்.

ஐப்பசியில் கடலில் புயல் உருவாகியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். கருப்பன் போளூர் போய், பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து வீட்டின் மேல் போர்த்தி நாலு பக்கமும் கல் வைத்தான். தூறல் ஆரம்பித்த அன்று காலையில் சரவணகுமார் பைக்கில் வந்து இறங்கினார். தலையிலிருந்து முழங்கால்வரை பிளாஸ்டிக் மழைக்கோட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“யார் இந்த பிளாஸ்டிக்கைப் போட்டது? நாளைக்கு அஞ்சு இலை கமிட்டி வருது. எடுங்க முதல்ல.”

பாஞ்சாலை ஓடிவந்தாள். “அய்யா, மழ வருதுங்க.”

“மழை இயற்கைம்மா. தார்ப்பாய் செயற்கை.”

கருப்பன் வாயைத் திறந்தான். “உள்ள சாமை கீதுங்க.”

“அதை வெளிய எடுத்து வைங்க.”

“வெளிய மழ பேயுதுங்க.”

“அப்ப உள்ளயே இருக்கட்டும்.”

தார்ப்பாயைக் கழற்றி, கமிட்டிக்கு டீ கொடுப்பதற்காக ரோட்டோரம் போட்ட பந்தலின் மேல் கட்டினார்கள். மூட்டைகளை நதியா வீட்டுக்கு மாற்றலாம் என்று கருப்பன் போனான். வீடு காலியாக இருந்தால் கமிட்டி இலையைக் குறைத்துவிடும் என்று சரவணகுமார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மழைக்கோட்டோடுதான் உட்கார்ந்தார். கையில் அதிகாரம் இருக்கிற ஆளைத் தள்ளிவிட்டு மூட்டை எடுக்கிற தைரியம் கருப்பனின் வம்சத்திலேயே யாருக்கும் இருந்ததில்லை.

மறுநாள் மலைப்பாதையில் மண் சரிந்து கமிட்டி வரவில்லை. சரவணகுமாரும் வரவில்லை. வாசலில் அவர் விட்டுப்போன நாற்காலி மட்டும் இருந்தது; அதைத் தாண்டிப்போய் மூட்டை எடுக்கவும் கருப்பனுக்குத் துணிவு வரவில்லை. மத்தியானம் பாஞ்சாலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீடு உட்கார்ந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது, சத்தமே வரவில்லை. சுவர்கள் தொந்தி வைத்தன, கூரை நடுவில் குழிந்தது, பிறகு எல்லாமாகச் சேர்ந்து மெதுவாக இறங்கின. பாஞ்சாலையும் கருப்பனும் பாய்ந்துபோய்க் கையால் வாரினார்கள். கஞ்சிபோல வந்தது. மூட்டைகள் எங்கே, சுவர் எங்கே என்று பிரித்தெடுக்க முடியவில்லை. மழை விடவில்லை. நாலைந்து நாளில் அந்தப் பழுப்புக் குவியலின் மேல் சாமை பச்சையாக முளைத்துவிட்டது. பாஞ்சாலை அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அடுத்த வருஷ விதையும் அதற்குள்தான் இருந்தது.

பாதை சரியானதும் இயக்குநர் வந்தார். பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்லப்போகிறார் என்று பாஞ்சாலை நினைத்தாள். அவர் கேமராவைப் பார்த்துத் திரும்பினார்.

“சிலர் இதை இடிந்துவிட்டது என்று சொல்வார்கள். இடிவது சிமெண்டுக் கட்டடம். எங்கள் வீடு மண்ணுக்குத் திரும்பியிருக்கிறது. எத்தனையோ கட்டடங்கள் நூறு வருஷம் நின்று பூமியைக் கெடுக்கின்றன. எங்கள் வீடு ஒரே பருவத்தில் தன் முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடித்துவிட்டது. அது மட்டுமா? பாருங்கள், வீடே வயலாகிவிட்டது. வீட்டுவசதியும் உணவுப் பாதுகாப்பும் ஒரே திட்டத்தில்!”

“அம்மா, எங்களுக்கு இருக்க வூடு?” என்றாள் பாஞ்சாலை.

“கொடுத்தோமே” என்றார் ரேணுகாதேவி, உண்மையிலேயே புரியாமல்.

மலையேற முடியாத கமிட்டி, முகமை அனுப்பிய படங்களைப் பார்த்தே ஐந்து இலையும் கொடுத்துவிட்டிருந்தது. பாஞ்சாலை ஜமுனாமரத்தூருக்கு மறுபடி பஸ் ஏறினாள். வீடில்லாதவர்களுக்கு வீடு தருகிற வேறோர் ஆபீஸில் கேட்டாள். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உனக்கு அஞ்சு இலை வீடே இருக்கேம்மா. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் சாதா வீடு” என்றார். பிறகு கண்ணாடிக் கதவு ஆபீஸுக்குப் போனாள். உள்ளே வரவேற்பறைச் சுவரில், விளக்கொளி விழும்படி அழகாகப் பதித்திருந்த ஓடுகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓர் ஓட்டில் கோழிக்கால் தடம் இருந்தது. களிமண் ஈரமாக இருந்தபோது எந்தக் காலத்துக் கோழியோ மிதித்தது. படுக்கையிலிருந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமான தடம்.

“இது எங்க ஓடுங்க.”

“ஆமாம்மா, பாரம்பரியச் சுவர்” என்றார் நவீன்குமார் பெருமையாக.

“அத்தயாவது குடுங்க. சொம்மா நாலு குச்சி நட்டு மேல போட்டுக்கறோம்.”

“அது எப்படிம்மா முடியும்? எடுத்தா சுவர் அசிங்கமா ஆயிடுமே. வர்றவங்க என்ன நினைப்பாங்க?” அவர் குரலைத் தாழ்த்தினார். “வருத்தப்படாதீங்க. உங்களுக்கு விருது வந்திருக்கு.”

திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. அழைத்துப்போக நெல்லிக்கொல்லைக்கே கார் வந்தது. மேடையில் இயக்குநருக்குப் பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். பேசக் கூப்பிட்டபோது, இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் சொன்னால் யாராவது ஒருவர் காதிலாவது விழும் என்று பாஞ்சாலை மனசைத் திடப்படுத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

“எனக்கு வூடு இல்லீங்க” என்றாள். “வெதையும் போச்சுங்க. ஒண்ணியும் இல்லீங்க.”

ரேணுகாதேவி எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். “கேட்டீர்களா? வீடு இல்லை, எதுவும் இல்லை என்கிறார். உடைமை என்ற எண்ணத்தையே கடந்துவிட்ட ஒரு மலைமகள். நாமெல்லாம் படித்து என்ன பயன்?” மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது.

அந்தப் படத்தை நதியா கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். அடுத்த வாரம் நெல்லிக்கொல்லை முழுவதும் இரண்டாம் கட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறது என்று செய்தி வந்தது. முதலில் இடியப்போவது வெற்றிவேலின் வீடு. அவர்கள் சம்மதித்துக் கைநாட்டு வைத்துவிட்டு வந்த பிறகுதான் பாஞ்சாலைக்குத் தெரிந்தது. அடுப்படியில் நதியாவைப் பிடித்து நிறுத்தினாள்.

“உனுக்கு இன்னா பைத்தியமாடி? என் வூடு கரைஞ்சத நீயே பாத்தே இல்ல?”

“பாத்தேன்க்கா.”

“அப்பறம்?”

நதியா அடுப்பில் விறகைத் தள்ளினாள். “அப்பாலிக்கு உன்ன கார்ல கூட்டினு போனாங்க இல்ல? மேடையில நாற்காலி போட்டாங்க இல்ல? எத்தினியோ வருஷமா இந்த வூட்டுல கீறேன். யாருனா வந்து எட்டிப் பாத்தாங்களா? பேருகூட கேட்டதில்ல.”

“அதுக்குன்னு நிக்கற வூட்ட இடிப்பியா? இந்த சொவத்துக்குள்ளதாண்டி நாங்களும் படுத்துக்கினு கீறோம்.”

“அதுவும்தாங்க்கா” என்றாள் நதியா, முகத்தைப் பார்க்காமல். “இன்னும் எத்தினி நாளுக்கு?”

பாஞ்சாலை குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

இடிக்கிற அன்று காலையில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. வெற்றிவேல் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். நதியாவுக்கு மாலை போட்டார்கள். முதல் பயனாளியே துவக்கிவைக்க வேண்டும் என்று பாஞ்சாலையின் கையில் ஒரு பச்சைக் கொடியைக் கொடுத்து, ஜேசிபிக்கு முன்னால் நிறுத்தினார் நவீன்குமார். அசைக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்திருந்தாள். கொடியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். மலையிலிருந்து ஒரு காற்று வந்தது. துணியின் நுனி விடுபட்டுப் படபடத்தது. டிரைவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“நிறுத்துங்க, உள்ள ஆள் கீது!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். கருப்பன் சட்டி பானைகளோடு பின்பக்கமாக வெளியே வந்துகொண்டிருந்தான். அவன் வந்ததும் சுவர் சாய்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

புழுதி அடங்கியதும் வீடியோ எடுக்கிறவர் அவர்களைப் பார்த்துக் கையசைத்தார். “அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க. படத்துல விழுறீங்க.”

தள்ளி நின்றார்கள்.

“இன்னும் கொஞ்சம்.”

புளியமரத்தடிக்குப் போனார்கள். இயக்குநர் பேசத் தொடங்கியிருந்தார். நதியாவின் பெயரை மைக்கில் சொல்வது கேட்டது.

“இன்னும் கொஞ்சம்மா. பாத்திரம் தெரியுது.”

கருப்பன் சட்டி பானை மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டான். பாஞ்சாலை குடத்தையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டாள். தள்ளித் தள்ளிப் போனதில் கொல்லை முடிந்து, ஒற்றையடிப்பாதை முடிந்து, தார் ரோடு வந்துவிட்டது. போளூர் பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. யாரும் கைகாட்டவில்லை. ஆனாலும் டிரைவர் நிறுத்தினார். ஆட்டுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர். இருவரும் ஏறினார்கள்.